பட்டனின் கதவு

வெண்டல் ஓஸ்டர் தன் டிரெய்லர் வீட்டைப் பின்னோக்கி எடுத்துப் பதினேழாம் எண் இடத்தில் நிறுத்தியபோது மணி பதினொன்றரை. மேற்கு டெக்சாஸில், ஜூன் மாதத்தில், பதினொன்றரையைக் காலை என்று யாரும் சொல்வதில்லை. முகாமின் பெயர் ‘கருவேல நிழல்’. கருவேல மரங்கள் இருந்தன. நிழல் பெயர்ப்பலகையோடு சரி.

ஹோபர்ட் என்கிற தொந்திக்காரர் எங்கிருந்தோ ஓடிவந்து, இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி வழிகாட்டினார். டிரெய்லரில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. எவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாலும் நாலு பேர் வந்து கையை ஆட்டியாக வேண்டும்.

“லெஃப்ட்டு… இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு… போதும், போதும்! வாங்க துரை, வாங்க! ஒரு வருஷம் ஓடியே போச்சு பாத்தீங்களா!”

“கையைக் கீழ போடுங்க ஹோபர்ட். எனக்குக் கண்ணு இருக்கு.”

“கண்ணு இருக்கு, சரி. வாயும் கூடவே கொஞ்சம் நீளமா இருக்கு” என்று சிரித்துவிட்டு ஹோபர்ட் விருந்துக்கு வைத்திருந்த சில்லிக் குழம்பு அண்டாவைக் கிளறப் போய்விட்டார்.

வெண்டலுக்கு வயது அறுபத்தாறு. மினசோட்டாவில் முப்பத்தோரு வருடம் கட்டட ஆய்வாளராக இருந்தவர். அடுத்தவன் வீட்டுக்குள் போய், மாடிப்படி அரை அங்குலம் கூடுதல், ஜன்னல் சரியாகத் திறக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவர். பணி ஓய்வு பெற்றார். குறை கண்டுபிடிக்கும் கண்ணுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

இந்த ஒரு வருடத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு, அன்று மாலை வாசிக்கவிருந்த மடலே சாட்சி. வாராவாரம் மூவாயிரம் பேருக்கு அவர் மின்னஞ்சலில் மடல் எழுதிக்கொண்டிருந்தார். இது ஆண்டு நிறைவு மடல். நியூ மெக்சிகோவைப் பற்றி, ‘மண்ணும் மண்ணை விற்கும் கடைகளும்’ என்று எழுதியிருந்தார். யூட்டாவின் செம்பாறைகள், ‘கடவுள் பாதியில் விட்டுப்போன கட்டட வேலை’. ஓரிகானில் ஒரு மாதம் மழை, ஐடஹோவில் உருளைக்கிழங்குக்கு அருங்காட்சியகம். போன இடமெல்லாம் சக பயணிகள். வாசலில் பிளாஸ்டிக் பூநாரை நட்டு, ‘எங்கள் சக்கர சொர்க்கம்’ என்று பலகை மாட்டி, எவன் முகத்தைப் பார்த்தாலும் “எந்த ஊரு?” என்று கேட்கும் கூட்டம். அவர்களுக்கு வெண்டல் வைத்த பெயர் ‘மடக்கு நாற்காலி மந்தை’. அந்த மந்தையின் கைதட்டல்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்பதை மட்டும் எந்த மடலிலும் எழுதவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடம் முழுக்க டிரெய்லரில் வாழ்ந்தவர்கள், முதன்முதலில் தங்கிய முகாமுக்கே திரும்பி வந்து, எல்லோருக்கும் முன்னால் தங்கள் வருடத்தை வாசிப்பார்கள். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், படம் எடுப்பார்கள். வெண்டல் முதலில் தங்கியது கருவேல நிழல், அதே பதினேழாம் எண். அதனால்தான் வந்தார். வராமலிருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே.

நாலு மணிக்கு விருந்து. மடலின் தலைப்பு: ‘பட்டனோடு ஒரு வருடம்’.

பட்டன் என்பது நாய். பழுப்பும் வெள்ளையும் கலந்த வேட்டை நாய், நெற்றி நடுவில் சட்டைப் பொத்தான் போல ஒரு கறுப்புப் புள்ளி. இப்போது அது வண்டியடியில் படுத்திருந்தது. எத்தனை வெயிலானாலும் பகலில் அது டிரெய்லருக்குள் ஏறாது.

“பட்டன்! எங்கே என் தங்கம்? அடடா, அடியில போய்ப் படுத்துக்கிட்டியா?”

பெர்னடீன் வந்துவிட்டாள். பதினெட்டாம் எண்காரி. எழுபது வயது, கணவனை இழந்தவள், பூநாரைகள் ஏழு, காற்றாடிகள் பதினொன்று. குனிந்து நாயின் தலையைத் தடவினாள். நாய் யாரோ அயலாள் என்பதுபோல் மோந்து பார்த்தது.

“என்னை மறந்துட்டியா கண்ணு? பன்னெண்டு நாள் என் கையால பேக்கன் வாங்கித் தின்னியே!” அவளுக்கு உண்மையாகவே முகம் வாடிவிட்டது. பிறகு விரலைப் பார்த்தாள். “இதென்ன, கறுப்பா ஒட்டுது?”

“கிரீஸ்” என்றார் வெண்டல். “வண்டிக்கடியில கிடந்தா ஒட்டாதா?”

“ம்… அது கிடக்கட்டும். போன வருஷம் நான் பயந்த பயம் இருக்கே. கரண்ட் போனதும் ஓடிவந்தேன். உங்க கதவுக்கு அந்தப் பக்கம் பிறாண்டுற சத்தம். சரக், சரக்குன்னு. வெளியே கரண்ட் கம்பத்துப் பெட்டியில சுவிட்சைத் தட்டிவிடலாம்னா அதுக்கும் பூட்டுப் போட்டு வச்சிருந்தீங்க. ஆபீஸ்ல ஓடிப்போய்க் கேட்டேன், சாவி இல்லாம அடுத்தவங்க வண்டியைத் திறக்க மாட்டோம்னுட்டாங்க. உங்களுக்கு நாலு தடவை போன் அடிச்சேன்.”

“தெரியும்.”

“அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. எனக்கு உயிரே இல்ல. அதுக்குள்ள என் மக வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்த வாரம் உங்க மடலைப் படிச்சப்புறந்தான் மூச்சே வந்துது. ‘பூநாரைக்காரி ஊரைக் கூட்டினாள், பட்டன் குறட்டை விட்டுத் தூங்கினான்’னு எழுதியிருந்தீங்க. மூவாயிரம் பேர் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. போகட்டும். நாய் நல்லாயிருந்துதே, அது போதும்.”

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இந்தத் தடவையாவது ஒரு சாவியைக் குடுத்து வையுங்க வெண்டல். நாய் வச்சிருக்கிற எல்லாரும் பக்கத்து ஆள்கிட்டக் குடுக்கிறதுதானே. நான் உள்ளே வந்து உங்க பீங்கானையா திருடப்போறேன்?”

“உங்க பூநாரைக்குப் பெயின்ட் உரியுது. போய் அதைப் பாருங்க.”

பெர்னடீன் விரலில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துக்கொண்டாள். “சரிப்பா. இனிமே கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெண்டல் அவள் போவதைப் பார்க்கவில்லை. நாயின் நெற்றியைத்தான் பார்த்தார். புள்ளி கலைந்து, சாம்பல் நிறத் தீற்றலாக இருந்தது.

அது தலைமுடிச் சாயம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷால், வெண்டலே போட்டது.

பட்டன் செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

பட்டன் டிரெய்லரில் வாழ்ந்தது பன்னிரண்டே நாள். ஐந்தாம் நாள், அது படியில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதைப் படம் பிடித்துப் போட்டார். அந்தப் படம் எங்கெங்கோ பரவி, நாற்பது பேர் படித்த மடலை மூவாயிரம் பேர் படிக்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாம் நாள் நகரத்தில் கெளுத்தி மீன் விருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். ஏசியைப் போட்டு, நாயை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்புமுன் தண்ணீர் ஹீட்டரையும் போட்டுவிட்டார், திரும்பி வந்ததும் குளிக்க வேண்டும் என்று. முப்பது ஆம்ப் இணைப்பில் ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் டிரிப் ஆகிக் கரண்ட் போய்விடும் என்பது மடக்கு நாற்காலி மந்தையில் ஒவ்வொருவருக்கும் தெரியும். மந்தைக்குத் தெரிந்ததை வெண்டல் ஓஸ்டர் ஏன் கேட்கப்போகிறார்?

இரண்டு பத்திலிருந்து போன் நாலு முறை அடித்தது. பூநாரைக்காரி என்று பார்த்தார். எண்ணையே தடுத்துவைத்துவிட்டு இன்னொரு தட்டு மீன் வாங்கினார்.

ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது பட்டன் வாசலை ஒட்டிக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் நக்கித் துடைத்ததுபோலக் காய்ந்து, கதவோரம் தள்ளப்பட்டிருந்தது. கதவின் அடிப்பாகத்தில் நான்கு நான்காகக் கோடுகள். எட்டு வருடம் அவரோடு இருந்த நாய். மனைவி விட்டுப் போனபோதும் போகாமல் இருந்த ஒரே உயிர். வெண்டல் அழவில்லை. இதயக் கோளாறாக இருக்கும் என்று முடிவு செய்தார். இருட்டுவதற்குள் ஊருக்கு வெளியே ஒரு வறண்ட ஓடையில் புதைத்துவிட்டு, மூன்றாம் நாள் இருநூறு மைல் தள்ளி ஒரு நாய்க் காப்பகத்தில் கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒன்றைப் பிடித்துவந்தார். பெயர் அதே பெயர்.

அதற்குப் பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது.

தினமும் பிற்பகல் இரண்டு பத்துக்கு. கதவின் உட்புறம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில்.

சரக். சரக்.

வெண்டல் பயப்படவில்லை. காரணம் கண்டுபிடித்தார், அதுதானே அவர் தொழில். நியூ மெக்சிகோவில் எலி என்றார். யூட்டாவில், வெயிலில் அலுமினியம் விரிகிறது என்றார். ஐடஹோவில் எலியும் இல்லை, வெயிலும் இல்லை. கதவின் அடிப்பாகத்துக்கு ஒரு தகடு அடித்தார். பத்தே நாளில் தகட்டில் கோடு விழுந்தது. அதன்மேல் இன்னொரு தகடு அடித்தார். ஓரிகானில், படுக்கைக்கு மேலிருந்த ஆபத்துக்கால ஜன்னலின் இடுக்கிலிருந்து ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. காற்று என்று சொல்லி, அந்த ஜன்னலைச் சுற்றிலும் பசையைப் பிதுக்கி அடைத்தார். ஆபத்துக்கால ஜன்னலை அடைத்தவர்களுக்கு முப்பத்தோரு வருடம் அபராதம் போட்ட மனிதர் இவர்.

ஒரு மணி நாற்பது. சாயக் குப்பியை எடுக்க வெண்டல் உள்ளே ஏறினார். இந்தப் புள்ளியோடு நாலு மணிக்குப் படம் எடுத்தால் மானம் போய்விடும். ஒரு வருடமாக யாரைப் பார்த்துச் சிரித்தாரோ அந்த மந்தை முழுதும் இவரைப் பார்த்துச் சிரிக்கும். அதுதான் அவருடைய கவலை. அதைவிடப் பெரிய கவலை அப்போது அவருக்கு இல்லை. நாயைக் கூப்பிட்டார், அது வரவில்லை. இறங்கிப் போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார், தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது.

“சனியனே, சரியா வந்து மாட்டினே எனக்கு.”

மறுபடி உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். முதலில் சவரம் செய்துவிடலாம் என்று ஹீட்டரைப் போட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. போன் வெளியே, டிரெய்லரை இழுத்துவந்த பிக்கப் வண்டியில் சார்ஜில் கிடந்தது.

கண்ணாடி முன் நின்று பாதி முகத்துக்கு நுரை தடவியிருப்பார்.

டக்.

ஏசி நின்றது. விளக்கு அணைந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த இரைச்சலெல்லாம் அடங்கி, டிரெய்லர் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“மட்டமான கம்பம்” என்றார் சத்தமாக. கம்பத்துப் பெட்டியின் சாவி பையில்தான் இருந்தது. கதவருகே போய்க் கைப்பிடியைத் திருப்பினார். கைப்பிடி சுற்றியது, கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தார். அசையவில்லை. வெளியே திறக்கும் கதவு அது. அதை இந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது, கூரையிலிருந்து, சுவரிலிருந்து, தகட்டிலிருந்து. காய்ந்த நுரை முகத்தில் இழுத்தது. வெளியே நூற்றெட்டு டிகிரி. கதவையும் சுவரையும் தட்டினார், கத்தினார். ஜன்னல்களை வாணலியால் அடித்தார். பிளாஸ்டிக் கண்ணாடி, வாணலிதான் திரும்பி வந்தது. படுக்கையில் ஏறி, ஆபத்துக்கால ஜன்னலின் சிவப்புப் பிடியைத் திருப்பித் தள்ளினார். பசை இரும்பாக இறுகியிருந்தது. நல்ல வேலை. அவரே செய்தது.

குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கரண்ட் இல்லாமல் டிரெய்லரின் பம்பு ஓடாது. முகாமின் தண்ணீர்க் குழாயை இன்னும் இணைத்திருக்கவில்லை.

அப்போது ஒரு வாடை வந்தது. ஈர நாயின் வாடை.

தரையில் ஏதோ நகர்ந்தது. இரும்புக் கிண்ணம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம். கூடவே வறண்ட நாக்கு வெறும் கிண்ணத்தை நக்கும் சத்தம்.

அந்தக் கிண்ணத்தை அவர் ஒரு வருடத்துக்கு முன்பே குப்பையில் போட்டுவிட்டார்.

“இல்ல” என்றார் வெண்டல். “எலி.”

சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டு பத்து.

சரக்.

அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், தகட்டின்மேல், எதுவும் இல்லாத இடத்தில்.

சரக். சரக்.

வெளியே சரளைக்கல்லில் காலடி கேட்டது. வெண்டலுக்கு உயிர் வந்தது. பெர்னடீன்! அந்தப் பூநாரைக்காரியை நினைத்து அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கதவில் முகத்தை வைத்து, “பெர்னடீன்! திற! கதவு மாட்டிக்கிச்சு!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

வாய் அசைந்தது. அவர் காதிலேயே குரல் விழவில்லை. பிறாண்டும் சத்தம் மட்டும்தான் விழுந்தது.

“வெண்டல்?” என்றாள் அவள். “உள்ளே இருக்கீங்களா? கரண்ட் போயிடுச்சுபோல.”

சரக். சரக். சரக்.

“அதே சத்தம்…” பெர்னடீன் நெருங்கி வந்து காதைக் கொடுப்பது தெரிந்தது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டங்குலம் இருக்கும். “போனும் போக மாட்டேங்குது. நம்ம நம்பரை அடைச்சே வச்சிருக்கார் மகராசன்.”

ஹோபர்ட்டின் குரல் தூரத்திலிருந்து வந்தது. “என்ன பெர்னடீன், அங்கே என்ன?”

“உள்ளே ஏதோ பிறாண்டுது ஹோபர்ட். நாய் இதோ என் காலடியிலதான் நிக்குது. அப்புறம் உள்ளே என்ன?”

“தகரம் வெயில்ல விரியும். அவரே எழுதியிருந்தாரே, ரெண்டு பக்கத்துக்கு. மறுபடி போய்த் தலையைக் குடுத்து மடல்ல நாறாதே.”

வெண்டல் இரண்டு கைகளாலும் கதவை அடித்தார். அடித்தது அவர் கை. வெளியே கேட்டதோ, சரக், சரக்.

பெர்னடீன் கொஞ்சம் தயங்கினாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: “போன வருஷமும் இப்படித்தான் பதறினேன். கொஞ்ச நேரத்துல தானா நின்னுபோச்சு. ஒண்ணும் ஆகலேன்னு அவரே எழுதினாரு. இனிமே கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், வெண்டல். கேக்கல. வா கண்ணு, உனக்குத் தண்ணி தரேன்.”

சரளைக்கல்லில் அவள் காலடியும், கூடவே நாலு சின்னக் காலடியும் விலகிப் போயின.

வெண்டல் அழுதார். நாய்க்காக அழாத மனிதர், தனக்காக ஏங்கி ஏங்கி அழுதார். தரையில் சரிந்தார். கதவின் அடியில் ஒரு நூல் அளவு இடுக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மூக்கை அங்கே கொண்டுபோய் வைத்தார். பட்டனும் மூக்கை அங்கேதான் வைத்திருந்தது. திறந்து பார்த்தபோது அப்படித்தான் கிடந்தது.

யாரோ பக்கத்தில் வந்து படுத்தார்கள். விலா ஏறி இறங்குவது தெரிந்தது. சூடான மூச்சு அவர் கணுக்காலில் பட்டது. எட்டு வருடம் தினமும் மதியம் வைத்ததுபோல, ஒரு தலை அவர் பாதத்தின்மேல் வந்து அமர்ந்தது. அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“பட்டன்” என்றார். இந்த முறை குரல் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அவர் விரல்கள் தகட்டில் இருந்த கோடுகளைத் தேடிக்கொண்டு போயின.

நாலு மணிக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். நாலரைக்கு, “துரை நம்மோட உக்காந்து சாப்பிடுவாரா?” என்று சொல்லிச் சில்லியைப் பரிமாறிவிட்டார்கள். ஐந்து மணிக்கு மனசு கேட்காமல் பெர்னடீன் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து கதவின் கைப்பிடியைத் தொட்டாள். பூட்டவே இல்லை. கதவு தானாகத் திறந்தது.

இதயக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாயம் போட்ட நாயை பெர்னடீன் வைத்துக்கொண்டாள். முதல் குளியலிலேயே புள்ளி கரைந்து போனது. தண்ணீர் கறுப்பாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அவள் வெகு நேரம் வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

டிரெய்லரை நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கினார்கள். நல்ல மனிதர்கள். பலகை மாட்டினார்கள், பூநாரை நட்டார்கள், முதல் நாளே ஒரு சாவியை பெர்னடீனிடம் கொடுத்தார்கள். நாய் வளர்ப்பதில்லை. பழைய கதவு பார்க்கச் சகிக்கவில்லை என்று கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கதவு போட்டார்கள்.

பத்தாம் நாள் அந்தப் பெண் பெர்னடீனைக் கூப்பிட்டுக் கதவின் உட்புறத்தைக் காட்டினாள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், புதுப் பூச்சில் கீறல்கள்.

“மதியானம் ரெண்டு மணிக்குமேல ஒரு சத்தம் வருதுக்கா. எலியா இருக்குமோ?”

பெர்னடீன் குனிந்து பார்த்தாள். நான்கு நான்காகச் சில கோடுகள். அவை அவள் பழைய கதவின் தகட்டில் பார்த்தவை. அவற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் அகலமாக இன்னும் சில இருந்தன.

அவை ஐந்து ஐந்தாக இருந்தன.